தண்ணி ஏறின ஏரியில விண்ட்சர்ஃபிங்: செர்ரி பீச்சா, வுட்பைனா, சிம்கோவா?

மே கடைசி வந்தா போதும், எங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரே கேள்விதான், இந்த சனிக்கிழமை எங்க இறங்குறோம்? டொராண்டோல இருக்கோம், ஒண்டாரியோ ஏரி வாசல்லயே கிடக்கு, சாதாரண வருஷத்துல காத்து எந்தப் பக்கம்னு பாத்தா பதில் கிடைச்சிடும். ஆனா 2017லயும் 2019லயும் ஏரி ஏறி நின்னப்போ அந்தக் கணக்கு எடுபடல. நாங்க நாலு பேரு, ரெண்டு பேரு தமிழ்நாடு, ஒருத்தன் யாழ்ப்பாணம், ஒருத்தன் இங்க ஸ்கார்பரோலயே பொறந்து வளந்தவன், அந்த ரெண்டு சீசனும் சிட்டிக்குள்ள செர்ரி பீச், வுட்பைன் பீச், வடக்க சிம்கோ ஏரின்னு மூணு இடத்துலயும் மாத்தி மாத்தி பாய்மரம் வச்ச போர்டை இறக்கிப் பாத்துட்டோம், அதனால தண்ணி ஏறும்போதெல்லாம் யாராச்சும் கேக்குறாங்க, ஒரே தடவையா எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல ஒரு விஷயம். 2017 மே கடைசியில ஏரி மட்டம் 75.88 மீட்டர், 2019 ஜூன்ல அதையும் தாண்டி 75.92 மீட்டர். அந்த மாசத்து சராசரிய விட கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் மேல. கேக்கும்போது 80 சென்டிமீட்டர்தானே, இடுப்புக்கும் கீழதானேன்னு தோணும். ஆனா பீச் மணல் சும்மா லேசா சரிஞ்சு இறங்கும், 15 அடி நடந்தா ஒரு அடி இறங்குற சரிவுன்னு வச்சுக்கங்க, அங்க 80 சென்டிமீட்டர் ஏறினா 12 மீட்டர் பீச் காணாம போயிடும். நாம செயிலை, அதான் காத்துப் பிடிக்கிற பாயை, விரிச்சு மாஸ்ட் கம்பத்துல மாட்டி ரிக் பண்ற இடமே அந்த 12 மீட்டர்தான்.

இன்னொன்னு, இது மழை வெள்ளம் மாதிரி ரெண்டு நாள்ல வடியுற தண்ணி இல்ல. ஒண்டாரியோ ஏரிக்கு வர்ற தண்ணியில பெரும்பங்கு ஈரி ஏரியில இருந்து நயாகரா வழியா வருது, வெளிய போறதுக்கு செயின்ட் லாரன்ஸ் ஆறு ஒன்னுதான் வழி, அதுல கார்ன்வால் கிட்ட அணை. அந்த ரெண்டு வருஷமும் ஒட்டாவா ஆத்துலயும் வெள்ளம், அணையில அதிகமா திறந்தா கீழ மாண்ட்ரியல் முங்கும், அதனால தண்ணிய இங்கயே பிடிச்சு வைக்க வேண்டியதாச்சு. அப்புறம் வினாடிக்கு 10,400 கன மீட்டர்னு திறந்து விட்டும் இறங்க வாரக்கணக்கா ஆச்சு. டொராண்டோ தீவுகள் 2017 ஜூலை 31 வரைக்கும் பொதுமக்களுக்கு மூடித்தான் கிடந்துச்சு. அதனால வடிஞ்சதும் போகலாம்னு உக்காந்தா சீசன்ல பாதி போயிடும்.

சரி, இடத்துக்கு வருவோம். தண்ணி ஏறினப்போ நான் காத்தை ரெண்டாவதாதான் பாப்பேன், முதல்ல பாக்குறது கரை. எங்க இருந்து இறங்குறோமோ அங்கயே ஏற முடியுமா, முடியலன்னா பக்கத்துல ஒதுங்க வேற மணல் இருக்கா, இது ரெண்டுக்கும் பதில் தெரியாம நான் போர்டை வண்டியில இருந்து இறக்குறதே இல்ல.

செர்ரி பீச்சைப் பத்தி நிறையவே சொல்லணும், ஏன்னா எங்க வீடு மாதிரி அது. தெற்கு பாத்த பீச், எதிர்ல லெஸ்லி ஸ்பிட் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குது, அதனால கிழக்குல தெக்குல இருந்து வர்ற பெரிய அலையெல்லாம் உள்ள வர்றதில்ல. தென்மேற்கு காத்து 15 நாட் (knot) வேகத்துல அடிச்சா, அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர், 6.5 சதுர மீட்டர் செயில்ல போர்டு வழுக்கிக்கிட்டு போகும், ஏதாவது ஒடைஞ்சாலும் காத்தே கரைக்கு கொண்டு வந்து விட்டுரும். கத்துக்குறவங்களுக்கும் நல்ல இடம், நல்லா ஓட்டத் தெரிஞ்சவனுக்கும் போரடிக்காது.

ஆனா தண்ணி ஏறினா இங்க மூணு தொல்லை. ஒன்னு, ரிக் பண்ண இடம் இல்ல, தண்ணி மரத்தடி வரைக்கும் வந்து நிக்கும், 4.6 மீட்டர் மாஸ்டைத் தூக்கிக்கிட்டு கிளைக்கு நடுவுல பூந்து இறங்கணும், அந்த மரங்களே கரையோரமா காத்தையும் அறுத்து விட்டுரும், முதல் 20 மீட்டர் நடந்தே போர்டைத் தள்ளிக்கிட்டு போக வேண்டியதுதான். ரெண்டாவது கட்டைங்க. இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். வருஷக்கணக்கா கரையில காஞ்சு கிடந்த மரமெல்லாம் ஏரி ஏறினதும் கிளம்பி மிதக்க ஆரம்பிச்சிடுது, அதுல பாதி ஊறிப்போய் தண்ணிக்கு ஒரு சாண் கீழ, மேல ஒரு முனைகூட தெரியாம நிக்கும். 2019 ஜூன்ல யாழ்ப்பாணத்து நண்பன் எனக்கு முன்னால போயிட்டிருந்தான், நல்ல வேகம், இடுப்புல கட்டி செயிலோட கொக்கி மாட்டுற ஹார்னஸ்ல முழுசா தொங்கிக்கிட்டு இருந்தான், திடீர்னு போர்டு அப்படியே நின்னுடுச்சு, ஆளு மட்டும் செயிலோட முன்னாடி தூக்கி வீசப்பட்டான். நான் கிட்ட போறதுக்குள்ள தலையை வெளிய நீட்டி கையை ஆட்டிக்கிட்டு கத்துறான், "மச்சான், இங்கால வராதை, கீழ கட்டை கிடக்கு!" ஹெல்மெட்ல பூம், அதான் செயிலைப் பிடிச்சுக்குற கம்பி, அடிச்ச இடத்துல கட்டை விரல் அகலத்துக்கு ஒரு கீறல், போர்டுக்கு அடியில ஃபின் (துடுப்பு மாதிரி தகடு) மாட்டுற பாக்ஸ் ஓரத்துல தலைமுடி மாதிரி விரிசல். ஹெல்மெட் இல்லாம இருந்திருந்தா அந்தக் கீறல் அவன் நெத்தியிலதான் இருந்திருக்கும், இன்னைக்கும் அதை நெனச்சா எனக்கு வயித்தைக் கலக்குது.

மூணாவது லெஸ்லி ஸ்பிட்டே. அது இயற்கையான கரை இல்ல, டொராண்டோல இடிச்ச கட்டடங்களோட கான்கிரீட்டும் செங்கல்லும் கொட்டிக் கொட்டி உண்டான நிலம், ஓரத்துல எல்லாம் துருப்பிடிச்ச கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். சாதாரண மட்டத்துல அது கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிப் போயிடலாம். தண்ணி ஏறினா அதே கம்பி முழங்கால் ஆழத்துல மறைஞ்சு கிடக்கு. அதனால செர்ரி பீச்ல இறங்கினா ஸ்பிட் பக்கம் கரை ஏறலாம்னு நெனைக்கவே கூடாது, ஒதுங்கணும்னா திரும்பி வடக்குக் கரைக்குத்தான்.

பெருமழை பேஞ்ச மறுநாள் இங்க மட்டும் இல்ல, டொராண்டோல எந்த பீச்லயும் நான் இறங்க மாட்டேன். பழைய சாக்கடையும் மழைத்தண்ணியும் ஒரே குழாயில போற ஏரியா நிறைய, மழை அதிகமானா அது அப்படியே ஏரிக்கு வந்துடும். சீசன்ல சிட்டிக்காரங்க பீச் தண்ணிய டெஸ்ட் பண்ணி போடுறாங்க, 100 மில்லிலிட்டர்ல ஈ.கோலை பாக்டீரியா 100க்கு மேல போனா குளிக்காதீங்கன்னு சொல்லிடுவாங்க. அதை ஒரு தடவை பாத்துட்டு கிளம்புங்க.

அடுத்து வுட்பைன், ஆஷ்பிரிட்ஜஸ் பே பக்கம். ஏரி மட்டம் சரியா இருக்குற நாள்ல கிழக்கு காத்து அடிச்சா டொராண்டோலயே இதுதான் ராஜா, 311 கிலோமீட்டர் நீள ஏரி, கிழக்குல இருந்து தடையே இல்லாம அலை உருண்டு வரும், அலை மேல ஏறி குதிக்க ஆசைப்படுறவனுக்கு வேற இடமே வேணாம். ஆனா தண்ணி ஏறினப்போ இதே இடம் வேற ஆளு. வழக்கமா அலை கொஞ்ச தூரத்துலயே மணல் திட்டுல ஒடைஞ்சு நுரையாதான் கரைக்கு வரும், மேல 80 சென்டிமீட்டர் தண்ணி ஏறினதும் அங்க ஒடையாம முழு உயரத்தோட வந்து கரையில அடிக்குது. கல்லு சுவர் இருக்குற பக்கம் போனா அடிச்ச அலை திரும்பி வந்து வர்ற அலையோட மோதி, தண்ணி எந்தப் பக்கமும் ஓடாம கொதிக்கிற மாதிரி மேலயும் கீழயும் குதிக்கும், அதுல வாட்டர்ஸ்டார்ட் பண்ணி, அதான் தண்ணியில கிடந்தபடியே செயில் இழுத்து போர்டு மேல ஏறி, பாருங்க தெரியும். போதாததுக்கு கிழக்கு காத்து ஏரித்தண்ணிய மேற்கு முனைக்கு தள்ளும், அதாவது நம்ம பக்கம் இன்னும் கொஞ்சம் ஏறும். 2017ல ஒரே ஒரு தடவை இறங்கினேன், வெளிய வரும்போது கரையிலயே ஒடையுற அலையில (ஷோர்பிரேக்) செயில் கிழிஞ்சது, அதோட சரி. எவ்வளவு பெரிய சூரனா இருந்தாலும் ஏரி ஏறின வருஷத்துல கிழக்கு காத்துக்கு வுட்பைன் வேணாம்.

ஸ்கார்பரோ ப்ளஃபர்ஸ் பார்க் எங்க பசங்க நிறைய பேருக்கு பக்கம், அதனால அதையும் கேப்பாங்க. குன்று சரியுற கரை, தண்ணி அடியில அரிச்சா இன்னும் சரியும், வடக்கு காத்துன்னா நேரா ஏரி நடுவுல கொண்டு விடும். பிக்னிக் போங்க, போர்டு எடுத்துட்டு போகாதீங்க.

இப்ப சிம்கோ. ஒன்னேகால் மணி நேரம் வண்டி ஓட்டணும், பெட்ரோல் செலவு, சிபால்ட் பாயிண்ட் போனா பார்க் டிக்கெட் வேற. அதுக்கெல்லாம் கெடைக்கிறது என்னன்னா, அது வேற நீர்வழி, அந்த தண்ணி செவர்ன் ஆறு வழியா ஜார்ஜியன் பே போகுது, ஒண்டாரியோ ஏரி ஏறினதுக்கும் அதுக்கும் நேர் சம்பந்தம் இல்ல. அங்கயும் வசந்தத்துல மட்டம் ஏறும், ஆனா நான் போன நாள்ல எல்லாம் கரை கரையாவே இருந்துச்சு, புல்லுல செயில் விரிச்சு ரிக் பண்ண முடிஞ்சது. ரெண்டாவது சூடு. ஒண்டாரியோ ஆழமான ஏரி, 244 மீட்டர், ஜூன் ஆரம்பத்துல பல நாள் 10 டிகிரி கிட்டத்தான் இருக்கும், ஜூலைல சூடானாலும் ரெண்டு நாள் மேற்கு காத்து விடாம அடிச்சா மேல இருக்குற சூடான தண்ணிய நடு ஏரிக்கு தள்ளிட்டு கீழ இருக்குற ஐஸ் தண்ணி டொராண்டோ கரையில மேல வந்துடும், நேத்து 20 டிகிரி இன்னைக்கு 8 டிகிரின்னு ஆகும். சிம்கோ ஆழம் குறைவு, சீக்கிரம் சூடாகும், கூட்டத்துல புதுசா கத்துக்குறவன் இருந்தா பத்து தடவை விழுந்து எந்திரிக்கணும், அதுக்கு இதுதான் இடம். குறைன்னு சொன்னா பாசி. தெக்க குக்ஸ் பே பக்கம் செடி அடர்த்தி, ஃபின்ல சுத்திக்கிட்டு போர்டை இழுத்துப் பிடிக்கும், பின்னாடி சாய்ஞ்ச வீட் ஃபின் மாட்டிக்கிட்டா ஓரளவு தப்பிக்கலாம்.

சாமான் விஷயத்துல ஒரு சண்டை எங்களுக்குள்ள இன்னும் ஓடுது. ஸ்கார்பரோ பையன் விங் ஃபாயிலுக்கு, அதான் கையில காத்தடிச்ச இறக்கை, போர்டுக்கு அடியில தண்ணிக்கு மேல தூக்குற ஃபாயில், மாறிட்டான், அவன் சொல்றதுல நியாயம் இருக்கு, மாஸ்ட் கிடையாது, பம்பு அடிச்சா அஞ்சு நிமிஷம், படுக்குற பாய் விரிக்கிற அளவு இடம் போதும், கரை காணாம போன நாள்ல அது பெரிய சௌகரியம். ஆனா ஃபாயில் தண்ணிக்குள்ள 80, 90 சென்டிமீட்டர் கீழ போகுது, நம்ம ஃபின் 40தான். முங்கின கட்டை இருக்குற ஏரியில அந்த வித்தியாசம் சின்னது இல்ல. அதனால கட்டை மிதக்குற வாரங்கள்ல செர்ரி பீச்னா நான் ஃபின்தான், அதுவும் 40 வேணாம், 32 போட்டுட்டு ஒரு சைஸ் சின்ன செயிலோட மெதுவா. அவனை சிம்கோல ஃபாயில் பண்ண சொல்லிட்டோம், அங்க அவன் எங்க மூணு பேரையும் பறந்து தாண்டிட்டு போறதைப் பாக்கவே சந்தோஷமா இருக்கு.

நாலு பேருக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு. லைஃப் ஜாக்கெட், அதுல கட்டின விசில், ஹெல்மெட், இது இல்லாம யாரும் இறங்குறதில்ல. ஒருத்தர் எப்பவும் கரையில, அவர் வேலை தலை எண்ணுறது, அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாறும். போன தடவை என் முறை வந்தப்போ தண்ணியில மூணு செயில் இருக்கணும், ரெண்டுதான் தெரிஞ்சுது, அந்த ஒரு நிமிஷம் எனக்கு மூச்சே விடல, அப்புறம் பாத்தா சிவப்பு செயில் வெள்ளை செயிலுக்குப் பின்னாடி மறைஞ்சு வந்துக்கிட்டிருந்துச்சு. இந்த சனிக்கிழமை தென்மேற்கு 14 நாட் (knot)னு காட்டுது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஒரு நடை செர்ரி பீச் போய் கரையில எவ்வளவு கட்டை ஒதுங்கியிருக்குன்னு பாத்துட்டு சொல்றேன், நிறைய இருந்தா காலைல ஏழு மணிக்கெல்லாம் சிம்கோவுக்கு கிளம்பிடலாம்.