மிதித்து ஏறுவதா, வண்டியில் ஏற்றிச் செல்வதா? கொங்கு மலைகளில் மவுண்டன் சைக்கிள்

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. நேராகப் போனால் கல்லாறு வழியாகக் குன்னூர். வலப்பக்கம் திரும்பினால் குஞ்சப்பனை, அரவேணு வழியாகக் கோத்தகிரி. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் மவுண்டன் சைக்கிளோடு வருகிறவர்களுக்கு அந்த இடத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. மலை உச்சிவரை மிதித்தே ஏறி, பிறகு மண்பாதையில் இறங்குவது ஒரு வழி. வாடகை பிக்கப்பில் சைக்கிளை ஏற்றிக் கொண்டுபோய், இறக்கத்தை மட்டும் ஓட்டுவது இன்னொரு வழி. இரண்டையும் பல ஆண்டுகளாக மாறிமாறிச் செய்து பார்த்தவன் என்ற முறையில், எது யாருக்கு, எந்த மலைக்குப் பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

மலைச்சரிவில் சைக்கிள் இறங்குவதற்கென்றே பாதை வெட்டிய வெளிநாட்டுச் சைக்கிள் பூங்காக்களில் இந்தக் கேள்விக்கு ஏற்பாடாகவே விடை உண்டு. கனடாவின் விஸ்லரில் 1999-இல் தொடங்கிய பூங்காவில், குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களைச் சுமக்கும் அதே கம்பிவட லிஃப்ட் கோடையில் சைக்கிளையும் ஆளையும் மேலே கொண்டு சேர்க்கிறது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2013-இல் திறக்கப்பட்ட பைக்பார்க் வேல்ஸில் லிஃப்ட் கிடையாது. டிரெய்லர் பூட்டிய வேன்கள் உண்டு. அங்கே வேனுக்குப் பணம் கட்டுகிறவருக்கு ஒரு சீட்டு, மிதித்தே ஏறுகிறவருக்குக் குறைந்த விலையில் வேறொரு சீட்டு. ஏறுவதற்கென்றே தனிப்பாதையும் வெட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு பூங்கா இல்லை. தார்ச்சாலையும், உரிமையாளரிடம் அனுமதி வாங்கிய தோட்டத்து மண்பாதையும், நாமே பேசி அமர்த்துகிற வண்டியும்தான் இருக்கின்றன. ஆகவே அங்கே பொருந்துகிற கணக்கை அப்படியே எடுத்து இங்கே வைக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதலில் முழு மலையை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். 33 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,470 மீட்டருக்குமேல் ஏற வேண்டும். ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் சுமார் 13 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. உடம்பு தான் செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானதைத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது என்பதால், சாப்பாட்டுக் கணக்கில் இது 1,300 கலோரிக்கு மேல் போகும். வாரம் ஓரிரு முறை ஓட்டுகிற ஒருவர் மணிக்கு 400 முதல் 500 மீட்டர் உயரம் ஏறுவார். அதாவது மூன்று மணி நேரத்திலிருந்து மூன்றே முக்கால் மணி நேரம். மண்பாதைக்கான அகலமான, பல் வைத்த டயர் தார்ச்சாலையில் இழுக்கும் இழுப்பு இதற்கு மேல். விடியலில் புறப்பட்டவர் கோத்தகிரியை அடையும்போது வெயில் ஏறியிருக்கும். தொடையில் மிச்சமிருப்பது ஒரு நல்ல இறக்கத்துக்கான தெம்புதான்.

இதில் பிக்கப்பின் வெற்றி தெளிவானது. ஒன்றேகால் அல்லது ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய்விடலாம். இறக்கத்துக்காகவே ஒரு நாளை ஒதுக்கி வருகிறவர், முதல் பாதி நாளைத் தார்ச்சாலையில் செலவழிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. தார்ச்சாலையில் ஏறுவதையே விரும்புகிறவர்கள் மெல்லிய டயர் போட்ட ரோடு சைக்கிளில் வரலாம். அது தனி விளையாட்டு, தனி இன்பம்.

ஆனால் சிறிய மலையில் கணக்கு மாறுகிறது. கோத்தகிரிக்குக் கீழே நாங்கள் அனுமதி வாங்கி ஓட்டுகிற தேயிலைத் தோட்டத்தில் ஒரு மண்பாதை இருக்கிறது. நான்கு கிலோமீட்டர் நீளம், 250 மீட்டர் இறக்கம். மிதித்து ஏறுகிறவர் அதே பாதையில் ஏறி அதே பாதையில் இறங்க வேண்டும். வண்டியோ தார்ச்சாலையைச் சுற்றிக்கொண்டு வர இருபது நிமிடம் ஆகும். வண்டியின் வேகத்தை மட்டும் பார்க்கிறவர்கள் மறப்பது, சைக்கிள்களை ஏற்றிக் கட்டி, மேலே போய் அவிழ்த்து இறக்குகிற நேரத்தை. நான்கு சைக்கிளுக்கு அது கால் மணி நேரம். இறக்கத்துக்குப் பத்து நிமிடத்தையும் சேர்த்தால் ஒரு சுற்று முக்கால் மணி நேரம். மிதித்தால் முதல் இரண்டு ஏற்றமும் அரை மணிக்குள் முடியும். இளைப்பாறுவதையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிடம். ஒரு சுற்றுக்கு வித்தியாசம் பத்து நிமிடம்தான். மூன்றாவது ஏற்றத்திலிருந்துதான் கால் வண்டியிடம் தோற்கத் தொடங்குகிறது: மூன்றாவது நாற்பது நிமிடம், நான்காவது ஐம்பது. எங்களில் மிதிப்பவர்கள் ஒரு நாளில் நான்கு முறை இறங்குகிறார்கள். வண்டியில் ஏறுபவர்கள் ஏழு முறை.

நான்கா ஏழா என்று எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்கிறவர்கள், மிதித்து ஏறும்போது கிடைக்கிற ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன் பல்சக்கரத்தில் 32 பல், பின்னதில் 51 பல் என்ற, மிதிக்க மிக எளிதான கடைசி கியரில், நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால், 29 அங்குலச் சக்கரம் மணிக்கு ஐந்து கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நடக்கிற வேகம் அது. அந்த வேகத்தில் பாதை முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும். ஒரு ஐப்பசியில், இரண்டு நாள் மழைக்கு அடுத்த காலையில், நான் மிதித்து ஏறிக்கொண்டிருந்தேன். மேலிருந்து இரண்டாவது வளைவில், தேயிலைச் செடிகளுக்கு இடையிலிருந்து வந்த தண்ணீர் பாதையைக் குறுக்கே அறுத்திருந்தது. ஒரு சாண் அகலம், முழங்கை ஆழம். ஓரத்து மண் இன்னும் ஈரமாக உதிர்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து வேகமாக வருகிறவருக்கு வளைவு திரும்பும்வரை அது தெரியாது. முன்சக்கரம் சரியாக அதற்குள் இறங்கும். சைக்கிளை நிறுத்திவிட்டு, கிடந்த சில்வர் ஓக் கிளை ஒன்றை இழுத்துப் போட்டு அடையாளம் வைத்தேன். தார்ச்சாலை வழியாக வண்டியில் வந்து சேர்ந்த மூன்று பேருக்கும் அதைச் சொன்ன பிறகுதான் புறப்பட விட்டேன். வடகிழக்குப் பருவமழைதான் கோத்தகிரிச் சரிவை அதிகமாக நனைக்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் முதல் சுற்றை மிதித்தே ஏற வேண்டும் என்பதை நாங்கள் ஒரு விதியாகவே வைத்துக்கொண்டோம்.

வண்டி தருகிற பயனும் சாதாரணமானதல்ல. ஒரே வளைவை ஒரே நாளில் ஏழு முறை திரும்புவது கற்றலுக்கு மிகப் பெரிய உதவி. வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, உள்ளே நுழைந்த பிறகு கையைத் தளர்த்தி, பார்வையை வெளியேறும் இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் சொல்லித் தெரியும். உடம்புக்குத் தெரிவது நான்காவது ஐந்தாவது முறையில்தான். மிதித்து ஏறி நான்கு முறை இறங்குகிறவர், அந்தப் பாடம் உடம்பில் இறங்கும் நேரத்தில் களைத்துப் போகிறார். இறக்கத்தில் தேறிய நண்பர்கள் எல்லோரும் வண்டி நாட்களில்தான் தேறினார்கள் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

களைப்பு என்பது காலுக்கு மட்டும் உரியதன்று. மேலே தூக்கிய ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். காற்றும் மண்ணும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, மற்றதை பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. 90 கிலோ எடை 250 மீட்டர் இறங்கும்போது விடுகிற மொத்த ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து 75 டிகிரிக்குமேல் சூடாக்கப் போதும். ஏழு முறை இறங்கினால் 1,750 மீட்டர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம்வரை இறங்குவதைவிட அதிகம். அத்தனை இறக்கத்தையும் இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்கள்தான் பிடித்து நிறுத்துகின்றன. காரமடையிலிருந்து வருகிற எங்கள் பிக்கப் ஓட்டுநர் ஒருநாள் ஐந்தாவது சுற்று முடிந்ததும் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “போதுங்ணா. அஞ்சு ரவுண்டுக்கு மேல போறவங்க கையப் பாத்திருக்கேனுங்ணா, பிரேக்கு புடிக்காதுங்ணா.” நான் கேட்கவில்லை. ஏழாவது சுற்றில் முன்கை கல்லாக இறுகி, விரல் லீவரில் இருந்தும் அழுத்தம் வரவில்லை; வளைவைத் திரும்பாமல் நேராகத் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தேன். கவாத்து செய்த செடியின் தண்டு ஈட்டிபோல இருக்கும். இடது தொடையில் ஆறு தையல். மிதித்து ஏறுகிற நாளில் கால் ஓய்ந்து, தானாகவே நாளை முடித்துவைத்துவிடும். வண்டி நாளில் அப்படி முடித்துவைக்க எதுவும் இல்லை. எண்ணிக்கையை நாமே காலையில் தீர்மானித்துவிட வேண்டும்.

இதனால்தான், இறக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களை முதல் நாளே வண்டியில் ஏற்றிவிடுவதை நான் ஏற்பதில்லை. பாதையை ஒருமுறைகூட மெதுவாகப் பார்க்காதவரை உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கீழே சந்திப்போம் என்று சொல்வது பொறுப்பற்ற செயல்.

செலவைப் பார்க்கலாம். இரட்டை கேபின் பிக்கப்புக்கு நாள் முழுவதற்கும் நாங்கள் கடைசியாகக் கொடுத்தது 3,200 ரூபாய். நான்கு பேருக்குத் தலைக்கு 800. குட்டி யானை என்கிற சிறிய சரக்கு வண்டி இதைவிட மலிவாக வரும், ஆனால் சரக்கு வண்டியின் பின்பகுதியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, மலைச்சாலையில் உயிருக்கே ஆபத்து. குட்டி யானையில் சைக்கிள்கள் மட்டும் போக வேண்டும். ஆட்கள் பஸ்ஸில் வர வேண்டும். வாடகைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத செலவும் உண்டு. வண்டி நாட்களில் பிரேக் பேடும் பின் டயரும் சீக்கிரம் தேய்கின்றன. மிதிக்கும் நாட்களில் செயினும் பல்சக்கரமும் தேய்கின்றன. என் அனுபவத்தில் முதலாவதுதான் பையை அதிகம் கடிக்கிறது. ஏற்றும் முறையிலும் கவனம் வேண்டும். ஒரு சைக்கிளின் பெடல் அடுத்த சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் ஃபோர்க் குழாயில் உரசி ஒரு கீறல் விழுந்தால், அங்கிருந்து எண்ணெய் கசியத் தொடங்கும். பின்கதவின்மேல் பழைய பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, முன்சக்கரத்தை வெளியே தொங்கவிட்டு, இடையிடையே கோணிச்சாக்கு வைத்து, கிழிந்த டியூபால் கட்டுவது எங்கள் வழக்கம். ஒரு கீறலும் இதுவரை விழவில்லை.

சைக்கிளும் ஒரு முடிவைச் சொல்லும். சக்கரம் 200 மில்லிமீட்டர்வரை மேலும் கீழும் அசைய விடும் சஸ்பென்ஷனும் பதினாறு பதினேழு கிலோ எடையும் உள்ள டவுன்ஹில் சைக்கிள், ஏறுவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. அதை வைத்திருப்பவருக்கு வண்டியைத் தவிர வழியில்லை. 130 முதல் 150 மில்லிமீட்டர் உள்ள டிரெயில் சைக்கிள் இரண்டுக்கும் ஒத்துவரும். கொங்கு நாட்டில் ஒரே ஒரு சைக்கிள்தான் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பேட்டரி சைக்கிள் இந்த விவாதத்தையே தீர்த்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அதன் விலை லட்சங்களில் இருக்கிறது.

காலமும் விலங்கும் இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்துகின்றன. அடிவாரத்துக் காடு யானைகளின் வழித்தடம். பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் குஞ்சப்பனைச் சுற்றுவட்டாரத்தில் அவை சாலையோரத்திலேயே நிற்கும். வண்டியில் இருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்வாங்கலாம். மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஏறிக்கொண்டிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. நன்றாக வெளிச்சம் வருவதற்கு முன் அடிவாரத்தில் மிதிக்கத் தொடங்குவது கூடாது. கோடை சீசனில் குன்னூர் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரி சாலையை இறங்குவதற்குமாக ஒருவழியாக்குவது வழக்கம். அந்நாட்களில் கோத்தகிரி சாலையில் மிதித்து ஏறும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். வண்டிக்கும் ஒரு தடை உண்டு: 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. மலையிலேயே பதிவான, டிஎன் 43 என்று தொடங்கும் வண்டியை அமர்த்தினால் அந்தச் சிக்கல் இல்லை. காப்புக்காட்டுக்குள் இருக்கிற ஒற்றையடிப் பாதைகள், வனத்துறையின் அனுமதி இல்லாதவரை, மிதிப்பவருக்கும் வண்டிக்காரருக்கும் ஒன்றுபோல மூடப்பட்டவை.

என் தீர்ப்பு உயரத்தைப் பொறுத்தது. 300 மீட்டருக்குள் இருக்கும் ஏற்றமானால் மிதியுங்கள். நேரத்தில் இழப்பது கொஞ்சம், பாதையைப் பற்றித் தெரிந்துகொள்வது மிக அதிகம். 1,000 மீட்டரைத் தாண்டினால் வண்டிக்குப் பணம் கொடுங்கள். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வால்பாறைச் சாலைக்கும், காரவள்ளியிலிருந்து எழுபது வளைவுகள் ஏறும் கொல்லிமலைக்கும் இதையேதான் சொல்வேன். இடைப்பட்ட மலைகளுக்கு, அன்று எதற்காக வந்தோம் என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

இப்போது எங்கள் தோட்டத்து நாள் இப்படிப் போகிறது. காலை ஏழரைக்கு எல்லோரும் மிதித்தே ஏறுகிறோம். வழியில் கல், பள்ளம், புதிதாக விழுந்த கிளை எல்லாவற்றையும் பார்த்து வைக்கிறோம். முதல் முறை இறங்கி வரும்போது பிக்கப் கீழே வந்து நிற்கும். அதன்பின் நான்கு சுற்று. ஐந்தாவது இறக்கம் முடிந்ததும், மணி ஒன்றானாலும் பன்னிரண்டானாலும், ஓட்டுநர் ஜமுக்காளத்தை உதறி மடித்து முன்சீட்டில் வைத்துவிடுவார்.