பைக் சீட்டுக்கு ஜெல் வைக்கக் கொடுக்கும் முன் படியுங்கள்: 4,800 ரூபாய் போச்சு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் லாங் ரைடு போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் வலிக்காமலிருக்க பைக் சீட்டைப் பிரித்து ஜெல் மெத்தை வைத்துத் தரும் கடை ஒன்றில் 4,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தாயிற்று. இன்று காலை கவரைப் பிரித்துப் பார்த்த கோபத்திலேயே எழுதுகிறேன். சீட் வேலைக்குக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பேசியது இது: அடியில் 40 டென்சிட்டி புது பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம், அதன் மேல் 15 மி.மீ. ஜெல், ஜெல்லுக்கு மேல் அரை அங்குலம் மெத்து ஃபோம், பிறகு தண்ணீர் இறங்காத பிளாஸ்டிக் உறை, எல்லாவற்றுக்கும் மேல் ரெக்சின். இந்த வரிசை சரியான வரிசை. ஜெல் நேராக ரெக்சினுக்கு அடியில் இருந்தால் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், வண்டியை நிழலுக்கு மாற்றினாலும் சீக்கிரம் ஆறாது. இதைக் கடைக்காரரே விளக்கினார். தொழில் தெரிந்த ஆள் என்று நம்பியது அந்த இடத்தில்தான். துணி சுற்றிய ஒரு ஃபோம் கட்டியைக் கையில் கொடுத்து, "தூக்கிப் பாருங்கண்ணே, என்ன கனம்! கனம்தான் டென்சிட்டி. கட்டை விரலால அமுக்குங்க, எப்படி எந்திரிக்குது பாருங்க" என்றார். அப்போதே ஜிபேயில் முழுப் பணம், 4,800 ரூபாய், போட்டாயிற்று. பில் கேட்டதற்கு, "வண்டிய எடுக்கும்போது தர்றேண்ணே."

அந்தக் கனத்தில்தான் மோசடி. 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ. நீளம் 10, அகலம் 10, உயரம் 5 செ.மீ. துண்டு வெட்டினால் 20 கிராம் இருக்க வேண்டும். என் சீட்டிலிருந்து அதே அளவில் வெட்டிய துண்டு நகைத் தராசில் 46 கிராம். பிரித்தால் பச்சை, மஞ்சள், வெள்ளை என்று கலர் கலராகப் பொடித் துணுக்குகள். கழிவு ஃபோமைத் துருவிப் பசை போட்டு அழுத்திய ரீபாண்டட். கனமாக இருக்கும், ஆனால் இடுப்புக்கு இடம் கொடுக்காது. ரீபாண்டடே கூடாது என்று சொல்லவில்லை. அடியில் ஒரு அங்குலம் போட்டு மேலே நல்ல ஃபோம் வைத்தால் சீட் தரை தட்டாமல் தாங்கும். முழுக்க அதையே போட்டால் ஆத்தங்குடிக் கல் மேல் உட்கார்ந்த மாதிரிதான். ராமேஸ்வரம் போக வர 250 கிலோமீட்டருக்கு மேல். திருவாடானை தாண்டுவதற்குள்ளேயே உட்காரும் எலும்பு இரண்டும் வலி எடுத்து, தொடை மரத்துப் போகிறது.

ஜெல்? அந்த இடத்தில் ஹவாய் செருப்பு அடிப்பாகம் மாதிரி 6 மி.மீ. ஈ.வி.ஏ. ஷீட். நிஜ ஜெல் கிட்டத்தட்ட தண்ணீர் எடை இருக்கும். 30 செ.மீ.க்கு 25 செ.மீ., 15 மி.மீ. தடிமன் என்றால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். இந்த ஷீட் உள்ளங்கையில் காகிதம் மாதிரி கிடக்கிறது. ரப்பர் பசையை முழுப் பரப்பிலும் கெட்டியாகத் தடவியதால் அதுவும் காய்ந்து பலகையாகிவிட்டது. பிளாஸ்டிக் உறையே இல்லை. தையல் ஓட்டை வழியாக இறங்கிய மழைத் தண்ணீரில் ஃபோம் நாறுகிறது. ரெக்சினை அடித்தட்டோடு பிடிக்கச் சாதாரண ஸ்டேப்ளர் பின் அடித்ததால் துரு. சீட் அடித்தட்டில் இருந்த ரப்பர் புஷ் நான்கில் இரண்டைக் காணோம், அதனால் சீட் ஆடுகிறது. எல்லாவற்றையும்விட மோசம் சரிவு. முன்பக்கம் அதிகம் செதுக்கிவிட்டார்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு டேங்க் மேல் வழுக்கிப் போகிறது, பாரம் முழுக்க மணிக்கட்டில்.

முதல் தடவை போனபோது, "ரெண்டு வாரம் ஓட்டுங்கண்ணே, செட் ஆயிரும்." ஃபோம் இளகும், உண்மைதான். ஆனால் ரீபாண்டட் ரெண்டு வாரத்தில் இளகாது. இரண்டாம் தடவை, "நீங்க உட்கார்ற பொசிஷன் சரியில்லைண்ணே." மூன்றாம் தடவை மாஸ்டர் ஊரில் இல்லை. பழைய ஃபோமையாவது கொடுங்கள் என்றால், "அது அன்னைக்கே குப்பைக்குப் போயிருச்சே." இப்போது போன் எடுப்பதில்லை. போட்டோ அனுப்பினால் நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை. 4,800 ரூபாய்க்கு இன்றுவரை பில் இல்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லப் போகிறேன்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும்:

கம்பெனி ஃபோமை வெட்ட விடாதீர்கள். பழைய சீட் ஒன்று வாங்கி அதில் வேலை செய்யச் சொல்லுங்கள், ஒரிஜினல் வீட்டில் இருக்கட்டும்.

ரெக்சின் போடும் முன் வெறும் ஃபோம் மேல் அரை மணி நேரம் வண்டியிலேயே உட்காருங்கள். கட்டை விரல் சோதனை ஒன்றுக்கும் ஆகாது. இரண்டு பாதமும் தரையில் படுகிறதா, முன்னால் வழுக்குகிறதா என்று அப்போதே தெரியும்.

ஜெல்லைக் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். துணி சுற்றிய சாம்பிளை நம்பாதீர்கள், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்டேப்ளர் பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானா, புஷ் நான்கும் இருக்கிறதா, பாருங்கள்.

பாதிப் பணத்துக்கு மேல் முன்னால் கொடுக்காதீர்கள். பில் அன்றே வேண்டும்.