மைனர் பாடம்: வரலாறா, அருங்காட்சியகவியலா?

மேஜர் எனும் முதன்மைப் பாடத்தோடு மைனராக, அதாவது துணைப்பாடமாக, எதை எடுப்பது? மலேசியாவின் சுங்கைப் பட்டாணி தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகுமுன் கேட்கும் கேள்வி இது.

வரலாறு என்றால் வாசிப்பும் கட்டுரையும். 1957 சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத் துண்டாடல் (பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்றது) ஏன் நடந்தது என்று ஆவணங்களை வைத்து வாதாடக் கற்கலாம். ஆசிரியர் வேலைக்குப் போகிறவருக்கு இது போதும்.

அருங்காட்சியகவியல் கை அழுக்காகும் படிப்பு. கங்காணித் தாத்தாவின் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) புத்தகம் ஒன்று கிடைக்கிறதென்று வையுங்கள். யாரிடமிருந்து வந்தது, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, கறையான் எங்கே அரித்திருக்கிறது என்று பதிந்து, எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணையும் பேனாவால் எழுதக் கூடாது, மெல்லிய பென்சில்தான். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நம் ஊரில் 80 சர்வசாதாரணம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அலமாரிமேல் போடும் நம் வீட்டுப் பழக்கம் (அம்மாக்கள் மன்னிக்கவும்) இங்கே செல்லாது. கித்தா (ரப்பர்) பொருள்கள் வெளிச்சம் பட்டுப்பட்டே வெடித்து நொறுங்கும்.

பயிற்சிக்கு எட்டிய தூரத்தில் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகமே இருக்கிறது.

வேலை? மைனரை மட்டும் காட்டி இரண்டிலுமே கிடைக்காது. மேஜர் வரலாறு என்றால் நான் அருங்காட்சியகவியலைத்தான் சொல்வேன். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் அந்த மைனர் கிடையாது, விண்ணப்பிக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.