5000 ரீலா, 8000 ரீலா?

கரையில் நின்று தூண்டில் வீசுகிறவர்கள் கடையில் தடுமாறுவது இங்கேதான். முதலில் ஒன்று: நூல் சுற்றும் ரீலின் அளவைச் சொல்லும் இந்த எண்ணுக்குப் பொது அளவு கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

எடை: 5000 சில கம்பெனிகளில் 300–400 கிராம். 8000 பெரும்பாலும் 600-ஐத் தாண்டும். இரண்டு மணி நேரம் வீசினால் மணிக்கட்டு சொல்லிவிடும்.

கோல்: 9–10 அடிக்கு 5000. 12 அடிக்கு 8000. அதில் சின்ன ரீலை மாட்டினால் முனை கனத்துத் தொங்கும்.

தங்கூசி (நைலான் நூல்): 0.40 மி.மீ. என்றால் 8000-இல் 200 மீட்டருக்கு மேல் ஏறும். 5000-இல் அவ்வளவு ஏறாது. மெல்லிய பின்னல் நூல் போட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். எதுவானாலும் நூலை ஸ்பூல் (ரீலில் நூல் சுற்றும் உருளை) விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள், குறைந்தால் வீச்சும் குறையும்.

விலை: பெரியது கூடுதல்தான்.

கிழங்கான் மீனுக்கு 5000 தாராளம். பெரிய பாறை மீனுக்குக் காத்திருப்பவர் 8000 வாங்கலாம். நான் 5000 பக்கம்.