டயமண்ட் டிரெட்ஜா, மனாலெஸ் டிரெட்ஜா: இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிய அனுபவம்

மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டு விளையாட்டில், பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் லெகஸி ஃபார்மட். இதில் டிரெட்ஜ் என்ற டெக்கை (கார்டுக் கட்டை) ஆடுபவர்கள் இரண்டு கட்சி; தன் கார்டுகளைக் கழிவுக் குவியலான கிரேவ்யார்டில் கொட்டி அங்கிருந்தே ஜெயிப்பது இதன் வழி. லயன்ஸ் ஐ டயமண்ட் என்ற கார்டைப் போட்டு ஆடுபவர்கள் ஒரு பக்கம், மனா (கார்டுகளைப் போடச் செலவாகும் சக்தி) தரும் லேண்ட் ஒன்றுகூட இல்லாமல் மனாலெஸ் ஆடுபவர்கள் மறுபக்கம். பல வருடங்களாக இரண்டையும் ஆடிவருகிறேன். எது வேகம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டயமண்ட்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்த டெக் கையில் நிலைக்கும் என்பது சைட்போர்டு (கேம்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் உபரிக் கார்டுகள்) ஏறிய பிறகு வரும் இரண்டாவது கேமில்தான் தெரியும்.

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. 2005-ல் ராவ்னிகா செட்டோடு வந்த டிரெட்ஜ். கார்டு இழுப்பதற்குப் பதிலாக லைப்ரரியின் (இழுக்கும் கட்டின்) மேலிருந்து சில கார்டுகளைக் கிரேவ்யார்டில் கொட்டிவிட்டு, அங்கே கிடக்கும் டிரெட்ஜ் கார்டைக் கைக்கு எடுக்கலாம். கோல்காரி கிரேவ்-ட்ரோல் என்றால் 6 கார்டு கொட்டும், ஸ்டிங்க்வீட் இம்ப் என்றால் 5.

டயமண்டின் கனவுக் கை இது: ஒரு லேண்ட், டயமண்ட், ஃபெய்த்லெஸ் லூட்டிங் (இரண்டு கார்டு இழுத்து, இரண்டை டிஸ்கார்ட் செய்வது, அதாவது கழிப்பது), ட்ரோல், இம்ப். லேண்டைத் தட்டி லூட்டிங் போடுங்கள். அது நடக்கும் முன் டயமண்டை உடைத்தால் கையில் உள்ளதெல்லாம் கிரேவ்யார்டுக்குப் போகும், மூன்று சிவப்பு மனா கிடைக்கும். லூட்டிங்கின் இரண்டு டிராவுக்கும் டிரெட்ஜ், 11 கார்டு. திரும்பி வந்த ட்ரோலையும் இம்பையும் அதே லூட்டிங்குக்கு டிஸ்கார்ட் செய்து, அந்த மூன்று மனாவில் ஃப்ளாஷ்பேக் (கிரேவ்யார்டிலிருந்தே மீண்டும் போடுவது), இன்னொரு 11. முதல் டர்னிலேயே 22 கார்டு கீழே. அழகுதான். ஆனால் டயமண்ட் உடைந்த நொடியில் எதிராளி, கிரேவ்யார்டில் உள்ள கார்டை ஆட்டத்திலிருந்தே நீக்கும் சர்ஜிக்கல் எக்ஸ்ட்ராக்ஷன் போட்டு, விழுந்தது ஒரே டிரெட்ஜ் கார்டாக இருந்து அதைத் தூக்கினால் கையும் காலி, கதையும் முடிந்தது.

மனாலெஸ் நிதானமான பிராணி. இரண்டாவதாக ஆட வேண்டும்; எட்டாவது கார்டை இழுத்து, டர்ன் முடிவில் கை ஏழைத் தாண்டியதால் ட்ரோலை டிஸ்கார்ட் செய்ய வேண்டும். இதைத் தெரிந்த எதிராளி டாஸ் ஜெயித்தும் ‘நீங்களே முதலில் ஆடுங்கள்’ என்பார்; எட்டாவது கார்டு வராது, ஒரு டர்ன் போச்சு. மல்லிகன் எடுத்து (கையைத் திருப்பிக் கொடுத்துப் புதிதாக எடுத்து) ஆறு கார்டுக்கு இறங்கினாலும் அதே கதி. அதனால் சுமாரான கையையும் வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டியிருக்கிறது. 2018 ஜூலையில் கிட்டாக்ஸியன் ப்ரோப் தடையானதும் அதற்கு இரண்டு லைஃப் (உயிர்ப் புள்ளி) கொடுத்து ஒரு டிரெட்ஜ் போடும் வழியும் அடைபட்டது; அதே வேலை செய்யும் ஸ்ட்ரீட் ரைத் மட்டும் மிச்சம்.

எனக்கு மனாலெஸ்ஸில் பிடித்தது அப்கீப் (டர்னின் தொடக்கக் கட்டம்). நெதர் ஷாடோ என்ற கிரீச்சர் (சண்டையிடும் உயிரினக் கார்டு) அப்போது எழுந்து வர, கிரேவ்யார்டில் அதற்கு மேலே மூன்று கிரீச்சர் இருக்க வேண்டும். ஆகவே கார்டுகளின் வரிசையைக் கலைக்கவே கூடாது. ஆனால் ஒரே நேரத்தில் விழும் கார்டுகளின் வரிசையை நாமே தீர்மானிக்கலாம். ட்ரோல் கொட்டும் ஆறில் ஷாடோவை அடியில் வைக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரு டர்ன் வித்தியாசம். பல பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

சரி, இரண்டாவது கேம். எதிரே, கிரேவ்யார்டுக்குப் போகும் நம் கார்டுகளையெல்லாம் ஆட்டத்திலிருந்தே நீக்கும் லீலைன் ஆஃப் த வாய்ட் இறங்குகிறது. டயமண்ட் லிஸ்ட்டில் எந்த நிறமும் தரும் லேண்டுகள் உண்டு. ஒரு பச்சை மனாவில் நேச்சர்ஸ் க்ளெய்ம் போட்டு உடைத்துவிடலாம். மனா இல்லாத டெக் என்ன செய்யும்? பெரும்பாலும் தோல்வியை ஒப்புக்கொண்டு, கார்டைச் சேர்த்து அடுக்கிவிட்டு மூன்றாவது கேமுக்குப் போக வேண்டியதுதான். ஒற்றைச் சர்ஜிக்கல் என்றால் மனாலெஸ் தாங்கும், பெரும்பாலும் அடுத்த டர்னில் இன்னொரு டிரெட்ஜ் கார்டு விழுந்துவிடும்.

டயமண்ட் ரிசர்வ்டு லிஸ்ட்டில் இருப்பதால் மறுபதிப்புக்கு வாய்ப்பில்லை. நான்கு டயமண்ட் இல்லாதவர் யோசிக்காமல் மனாலெஸ் கட்டலாம். இரண்டும் இருந்தால், யார் என்ன ஆடுவார்கள் என்று தெரியாத போட்டிக்கு டயமண்டை எடுங்கள். எதிராளி போடும் கார்டைத் தடுக்கும் ஃபோர்ஸ் ஆஃப் வில்லை நம்பும் ஆட்கள் நிறைந்த இடத்துக்கு நான் மனாலெஸ்ஸோடுதான் போகிறேன். கவுண்டர் செய்ய (தடுக்க) அவர்களுக்குக் கிடைப்பதே கபால் தெரபியும் (எதிராளியின் கையைக் காட்டவைப்பது) ட்ரெட் ரிட்டர்னும்தான் (கிரேவ்யார்டிலிருந்து கிரீச்சரை எழுப்புவது), அதிலும் தெரபியை முதலில் போட்டு அவர்கள் கையைப் பார்த்துவிடுவேன்.