கேன் ஐசி போய்விட்டால்: ஐசியை மாற்றுவதா, பழைய இசியூ வாங்கி மாட்டுவதா?

ஸ்கேனரில் மற்ற எல்லா மாட்யூல்களும் பேச, ஒரு இசியூ (வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி) மட்டும் ஊமையாக இருந்தால் வழி இரண்டு. போர்டைத் திறந்து 8 கால் கேன் டிரான்ஸீவர் ஐசியை (மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ் என்ற இரட்டை வயரில் தகவலை அனுப்பி வாங்கும் சிப்) மாற்றலாம். வேறு வண்டியில் கழற்றிய அதே பார்ட் நம்பர் இசியூவை வாங்கி மாட்டலாம். புது இசியூ வாங்க வசதி இருந்தால் அலசவே வேண்டாம். என் ஓட்டு ஐசிக்குத்தான்.

எந்த வழியானாலும் முதலில் பழுது எங்கே என்று உறுதி செய்ய வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனர் மாட்டும் இடம்) 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டரோ வயரோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்து, சந்தேகப்பட்ட மாட்யூலைக் கழற்றியதும் சரியானால் ஷார்ட் அதற்குள்தான். மேசையில் வைத்து கேன் ஹை, கேன் லோ என்ற இரண்டு பஸ் வயர்களையும் தனித்தனியே கிரவுண்டோடு அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில், கிலோ ஓம் கணக்கில் இருக்க வேண்டும். ஒன்று சில ஓமுக்கு இறங்கியிருந்தாலும் உடனே ஐசியைப் பிடுங்காதீர்கள். கனெக்டருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று கால் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆனாலும் இதே அளவுதான் காட்டும். அதை எடுத்துவிட்டு மறுபடி அளக்கவும்.

அளவுகள் சரி, ஆனாலும் பேசவில்லை என்றால் சப்ளை கொடுத்து ஸ்கோப் (வோல்ட் துடிப்பைத் திரையில் காட்டும் கருவி) வையுங்கள். 3ஆம் காலில் 5 வோல்ட் இருந்து, 1ஆம் காலில் (டிஎக்ஸ்டி, பிராசசர் அனுப்புவது வரும் கால்) துடிப்பு வந்தும், 7ஆம் கால் (கேன் ஹை) 2.5இலிருந்து 3.5 வோல்ட்டுக்கு ஏறாமலும் 6ஆம் கால் (கேன் லோ) 1.5க்கு இறங்காமலும் இருந்தால் ஐசி போய்விட்டது. அதற்கு முன் 8ஆம் காலைப் பார்க்க மறக்காதீர்கள். டிஜேஏ1050, டிஜேஏ1040 என்ற டிரான்ஸீவர் ஐசிகள் இரண்டிலும் அது ஹையாக இருந்தால் ஐசி அனுப்பாது, அது பழுதல்ல. சப்ளை கொடுத்த முதல் நொடியிலிருந்தே கவனிக்க வேண்டும். அனுப்பிய துடிப்பு ஆர்எக்ஸ்டியில் (பஸ்ஸில் வருவதைப் பிராசசருக்குத் தரும் கால்) திரும்பி வராவிட்டால், பிராசசரில் உள்ள கேன் கன்ட்ரோலர் பஸ்-ஆஃப் (அனுப்புவதை நிறுத்தும்) நிலைக்குப் போய் அமைதியாகிவிடும். தாமதமாகப் பார்ப்பவர் பிராசசரைக் குறை சொல்லிவிடுவார்.

இனி, என்னை ஐசி பக்கம் சாய்த்த காரணம்: தகவல். டிரான்ஸீவருக்குள் ஒரு பைட்கூடச் சேமிக்கப்படுவதில்லை. இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவி, விஐஎன் (வண்டியின் அடையாள எண்), கோடிங், கற்றுக்கொண்ட அளவுகள் எல்லாம் பிராசசரிலும் ஈப்ராம் என்ற நினைவக சிப்பிலும் இருக்கின்றன. ஐசியை மாற்றினால் வண்டி எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பழைய இசியூவோ இன்னொரு வண்டியின் அடையாளத்தோடு வருகிறது. மாட்டினால் பஸ்ஸில் பேசும். இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. பழைய போர்டின் ஈப்ராமையும் பல மாடல்களில் ஃபிளாஷ் நினைவகத்தையும் படித்து இதில் எழுத வேண்டும். அதற்கும் போர்டைத் திறக்கத்தான் வேண்டும். திறந்த பிறகு எட்டுக் காலை சால்டர் செய்வது அதைவிடச் சிறிய வேலை.

நம்பரில் மட்டும் கவனம். 1050இல் ஸ்டாண்ட்பை (குறைந்த மின்சாரத்தில் தூங்கும் நிலை) கிடையாது. 1040 இருந்த இடத்தில் அதை வைத்தால் பஸ் பேசும், ஆனால் தூக்கமும் விழிப்பும் கெடும், பேட்டரி இறங்கலாம். 14 கால் டிஜேஏ1043இல் ஐஎன்எச் கால்தான் ரெகுலேட்டரை (போர்டுக்கு வோல்ட்டேஜ் தரும் பகுதி) இயக்கும், அங்கே வேறு நம்பர் ஐசி யோசனையே வேண்டாம்.

டிரான்ஸீவரும் ரெகுலேட்டரும் வாட்ச்டாகும் (பிராசசர் நின்றால் ரீசெட் செய்யும் பகுதி) ஒரே சிப்பில் அடங்கிய போர்டு, ஜெல் ஊற்றி மூடிய மாட்யூல், டிராக் கருகிய போர்டு ஆகியவற்றில் பழைய இசியூவே மேல். ஏர்பேக், ஏபிஎஸ் மாட்யூல்களுக்கு இரண்டு வழியும் வேண்டாம், புதிதுதான்.

எதை மாட்டினாலும் பழையது ஏன் போனது என்று தேடுங்கள். 1050இன் பஸ் கால்கள் மைனஸ் 27 முதல் 40 வோல்ட் வரை தாங்கும். 12 வோல்ட் வயரில் உரசியதால் மட்டும் அது சாகாது. பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் செய்தார்களா, ஓடும்போது பேட்டரி டெர்மினல் லூசாகிறதா, மாட்யூலின் கிரவுண்ட் வயர் விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.