ஷேப்புல ஓட்டை போடணும்: டிஃபரன்ஸா, கம்பைனா, மாஸ்க்கா?

நாச்சியார்கோவில் பக்கம் விளக்குக் கடைக்காரங்க கண்ணாடிக் கதவுல ஒட்டுறதுக்கு அன்னம் ஸ்டிக்கர் கேப்பாங்க, "தம்பி, அன்னத்தோட கண்ணு வழியா உள்ள இருக்குற விளக்கு தெரியணும்"னு ஒரு வார்த்தையும் சேத்து சொல்லுவாங்க. அப்போ கம்ப்யூட்டர்ல வரையுற அன்னத்துலயே கண்ணு இருக்குற இடத்துல நெசமாவே ஓட்டை வேணும். வெள்ளை வட்டத்தை மேல தூக்கி வெச்சிட்டு முடிஞ்சுதுன்னு விட்டுடுற ஆளுங்க இன்னும் இருக்காங்க. வெள்ளை பேப்பர்ல பிரின்ட் எடுத்தா தெரியாது, கலர் சுவர்ல வந்தா அப்பட்டமா தெரியும். அந்த வழியை விட்டுடலாம்.

மீதி மூணுல டிஃபரன்ஸும் கம்பைனும்தான் ஆளுங்களை குழப்புறது. இங்க்ஸ்கேப்ங்கிற வரையுற சாஃப்ட்வேர்ல ஒரு ஷேப் மேல இன்னொன்னை வெச்சு ரெண்டையும் செலக்ட் பண்ணி டிஃபரன்ஸ் குடுத்தா மேல உள்ளது கீழ உள்ளதை வெட்டிட்டு காணாம போயிடும், கலர் கீழ உள்ளதோடதுதான் நிக்கும். அடோபியோட இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேர்ல இதே வேலைக்கு மைனஸ் ஃப்ரன்ட். கம்பைன் எதையும் வெட்டாது, ரெண்டு பாதையையும் (ஷேப்போட ஓரக்கோட்டையும்) ஒரே ஷேப்பா கட்டிப்போடும், ஒண்ணு மேல ஒண்ணு விழுற இடம் ஓட்டையாத் தெரியும். கண்ணு மாதிரி முழுசா உள்ள இருக்குற ஓட்டைக்கு ரெண்டும் ஒரே முடிவுதான், பின்னாடி பிரேக் அபார்ட் பண்ணி பிரிச்சும் எடுத்துக்கலாம்.

ஆனா டிராக்டர் பின்னாடி ஒட்டுற காளை ஸ்டிக்கரை எடுத்துக்கங்க, ரெண்டு கொம்புக்கு நடுவுல வளைவா கேப் வேணும், வெட்டுற வட்டம் தலைக்கு வெளிய பாதி நீட்டிக்கிட்டு இருக்கும். இங்க டிஃபரன்ஸ் சுத்தமா கடிச்சு எடுத்துடும், கம்பைன் பண்ணா வெளிய நீட்டுன பாதி வட்டம் காளை கலர்லயே நிரம்பி தலையில தொப்பி வெச்ச மாதிரி வந்து நிக்கும். ஓரத்தைத் தாண்டுதுன்னா டிஃபரன்ஸ், வேற யோசனையே வேண்டாம்.

கம்பைன்ல இன்னொரு தலைவலி, சில சமயம் ஓட்டையே விழாது. ரெண்டு பாதையும் ஒரே திசையில சுத்தி, ஃபில் ரூல், அதாவது எங்க கலர் நிரம்பணும்னு முடிவு பண்ற செட்டிங், நான்-ஜீரோவுல இருந்தா உள்ளயும் நிரம்பிடும். அந்த செட்டிங்கை ஈவன்-ஆட்னு இருக்குறதுக்கு மாத்துங்க, இல்ல உள் பாதையோட திசையை மட்டும் ரிவர்ஸ் பண்ணுங்க. தமிழ் எழுத்துல இது தலைகீழா வரும், பழைய ஃபான்ட்ல அடிச்ச கொம்பும் சுழியும் எழுத்து மேல ஏறிக்கிட்டு இருந்தா கோரல்ங்கிற (கோரல்டிரா) சாஃப்ட்வேர்ல கம்பைன் பண்ணதும் ஏறுன இடமெல்லாம் பொத்தல் பொத்தலா ஆயிடும், அதனால முதல்ல வெல்டு, அதாவது ஏறுனதையெல்லாம் ஒண்ணா ஒட்டிடணும்.

மாஸ்க் எதையும் வெட்டாம மறைக்க மட்டும் செய்யும், அதனால கஸ்டமர் மனசு மாறுற வரைக்கும் வசதி. ஓரம் மெதுவா மங்குற மாதிரி வேணும்னா இந்த மூணுல இதுதான் வழி. இங்க்ஸ்கேப்ல வெள்ளை இருக்குற இடம் தெரியும், கறுப்பு மறையும், மாஸ்க்குக்கு வெளிய உள்ளதும் மறைஞ்சிடும், அதனால பெரிய வெள்ளை செவ்வகம் போட்டு அது மேல கறுப்பு ஷேப்பை வெச்சு ரெண்டையும் குரூப் பண்ணிட்டுதான் குடுக்கணும். ஃப்ளெக்ஸுக்கும் ஸ்க்ரீனுக்கும் ஓகே. ஸ்டிக்கர் கட்டிங் மெஷினுக்கு ஆகாது, கத்தி பாதை போற வழியில போகும், மறைச்சு வெச்சதைப் பத்தி அதுக்கு என்ன கவலை. வெள்ளை வட்டத்தையும் அது தனி ஷேப்பாதான் வெட்டும்.

சாஃப்ட்வேர்ல எதுன்னா, கும்பகோணம் தஞ்சாவூர்ல எந்த ஸ்டிக்கர் கடைக்கும் கோரல் ஃபைல் கொண்டுபோனா பேச்சே இல்ல. காசு போடாம வேலை நடக்கணும்னா இங்க்ஸ்கேப், இந்த ஓட்டை போடுற விஷயத்துல அது எதுக்கும் சளைச்சதில்ல. இல்லஸ்ட்ரேட்டர்ல எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு, ஆல்ட் புடிச்சுக்கிட்டு மைனஸ் ஃப்ரன்ட் அடிச்சா ஓட்டையை அப்புறமும் நகத்திக்கலாம். கோரல்ல இருந்து இங்க்ஸ்கேப்புக்கு வர்றவங்க கை மட்டும் ஜாக்கிரதை: கோரல்ல கண்ட்ரோல் எல் கம்பைன், கண்ட்ரோல் கே பிரேக் அபார்ட். இங்க்ஸ்கேப்ல கண்ட்ரோல் கே தான் கம்பைன், கண்ட்ரோல் எல் அடிச்சா சிம்ப்ளிஃபை ஆகி, கோடெல்லாம் எளிமையாகி அன்னத்தோட அலகு மழுங்கிடும்.

முடிச்சதும் அடியில மஞ்சள் செவ்வகம் ஒண்ணு போட்டுப் பாருங்க, ஓட்டை வழியா மஞ்சள் தெரியணும். படமா குடுக்குறதா இருந்தா பிஎன்ஜி மட்டும்தான், ஜேபிஜில டிரான்ஸ்பரன்ட் நிக்காது. அந்த பிஎன்ஜியையும் வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க.